பெட்டி சொல்லும் கணக்கு: லாரி டெலிமேட்டிக்ஸ் சேவை ஒன்றை 20 மாதம் பயன்படுத்திய பின் எழுதும் மதிப்பீடு

நான் பொறுப்பு வகிக்கும் போக்குவரத்து நிறுவனத்தில் 14 கனரக லாரிகள் ஓடுகின்றன. அவற்றில் 9 வண்டிகள் டிரெய்லர் பூட்டியவை, 3 வண்டிகள் டேங்கர்கள், மீதி 2 பட்டை ஸ்பிரிங் கொண்ட பழைய வண்டிகள். இந்த 14 வண்டிகளிலும், வண்டியின் இருப்பிடத்தையும் நிலையையும் தொலைவிலிருந்தே அறியத் தரும் டெலிமேட்டிக்ஸ் சேவை ஒன்றை 20 மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். வண்டிக்குள் ஒரு பெட்டி, டீசல் தொட்டியின் அளவைப் படிக்கும் இணைப்பு, 6 வண்டிகளில் மட்டும் அச்சுச் சுமை உணரி (சக்கரங்களைத் தாங்கும் ஒவ்வோர் அச்சின் மேலும் இறங்கும் எடையை அளப்பது), ஓட்டுநரைப் பார்க்கும் ஒரு கேமரா, அலுவலகத்தில் இவை அனைத்தையும் காட்டும் கணினித் திரை ஆகியவை சேர்ந்ததுதான் இந்தச் சேவை. குறைகளையும் எழுதப் போவதால் சேவை தரும் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இந்த வகைக் கருவிகள் பெரும்பாலும் ஒரே முறையில் இயங்குபவை என்பதால், வேறு நிறுவனத்தின் பெட்டியை வாங்க நினைப்பவருக்கும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

பொருத்தும் வேலையில் குறை சொல்ல எதுவும் இல்லை. கனரக வாகனங்களில் எஞ்சின், கியர் பெட்டி, பிரேக் ஆகியவற்றின் கட்டுப்பாட்டுக் கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ள ஜே1939 என்ற பொது மொழி இருக்கிறது. வினாடிக்கு 250 கிலோபிட் வேகத்தில் ஓடும் அந்தப் பேச்சை இந்தப் பெட்டி 9 முள் இணைப்பான் வழியாகவோ, கம்பியின் மேல் கவ்வி நிற்கும் தொடாத வகை உணரி வழியாகவோ கேட்கிறது. வாரண்டிக் காலம் முடியாத வண்டிகளுக்கு இரண்டாவது முறையே வேண்டும் என்று கேட்டு வாங்கினோம், ஏனெனில் அதில் கம்பியை வெட்டவும் வேண்டியதில்லை, வண்டியின் பேச்சுக்கு நடுவே பெட்டி எதையும் பேசிவிடும் அச்சமும் இல்லை. ஒரு வண்டிக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகவில்லை. நீண்ட நாள் நிறுத்தி வைத்த வண்டியில் பேட்டரி இறங்கிவிடுமோ என்று எங்கள் மெக்கானிக் பயந்தார். வண்டி நின்று சிறிது நேரத்தில் பெட்டி உறக்க நிலைக்குப் போய்விடுவதால் அப்படி ஒன்றும் நேரவில்லை.

இருப்பிடம் காட்டுவதில் இந்தச் சேவை நன்றாகவே இருக்கிறது, ஆனால் விற்க வந்தவர் சொன்ன அளவுக்கு இல்லை. திறந்த வெளியில் ஜிபிஎஸ் சில மீட்டர் பிழைக்குள் இடத்தைச் சொல்லிவிடும் என்பது உண்மை. ஆனால் பெட்டி 30 வினாடிக்கு ஒரு முறைதான் புள்ளியை அனுப்புகிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லாரி அந்த 30 வினாடியில் ஏறத்தாழ 667 மீட்டரைக் கடந்துவிடும். ஆகையால் வரைபடத்தில் 100 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டு, வண்டி அதற்குள் வந்தால் தகவல் சொல் என்று கேட்டால், ஓடும் வண்டி அந்த வட்டத்தைத் தாண்டிப் போனது பெட்டிக்குத் தெரியாமலே போகலாம். வட்டத்தைப் பெரிதாக்கிக்கொள்வதோ, கூடுதல் கட்டணம் கொடுத்து இடைவெளியைக் குறைத்துக்கொள்வதோதான் வழி. சுரங்கப் பாதையிலும் மலைப் பகுதியிலும் தொடர்பு அறுந்தால் பெட்டி புள்ளிகளைத் தன்னிடம் சேமித்து வைத்துப் பிறகு மொத்தமாக அனுப்புகிறது. இது நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த இடைவெளியில் திரை, வண்டி கடைசியாகத் தெரிந்த இடத்திலேயே நிற்பதாகக் காட்டுகிறது. ‘தகவல் 40 நிமிடம் பழையது’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால், சரக்குக்கு உரியவர்களிடமிருந்து வந்த பதற்றமான தொலைபேசி அழைப்புகளில் பாதி வந்திருக்காது.

மேம்பாலமும் அதன் கீழே ஓடும் இணைப்புச் சாலையும் சேர்ந்து வரும் இடங்களில் இன்னொரு சிக்கல் எழுகிறது. வண்டி மேலே 60 கிலோமீட்டர் வேகத்தில் சட்டப்படி போய்க்கொண்டிருக்கும், மென்பொருளோ அதைக் கீழே 40 கிலோமீட்டர் வரம்பு கொண்ட சாலையில் வைத்து, வேக மீறல் என்று சிவப்புக் குறி போட்டுவிடும். முதல் மாத அறிக்கையில் எங்கள் ஓட்டுநர் ஒருவர் பேரில் இருந்த 23 மீறல்களில் 19 இப்படிப்பட்டவை.

டீசல் கணக்குதான் நாங்கள் இந்தச் சேவையை வாங்கியதற்கு முதல் காரணம். எனக்குத் தலைகுனிவு வந்ததும் அதனால்தான். பெட்டி பொருத்திய மூன்றாவது வாரத்தில், இரவு இரண்டு மணிக்குப் பிறகு என் கைப்பேசிக்கு ஓர் எச்சரிக்கை வந்தது: நின்றுகொண்டிருக்கும் வண்டியின் தொட்டியில் 38 லிட்டர் குறைந்துவிட்டது. அந்த வண்டியை ஓட்டுபவர் எங்களிடம் 11 ஆண்டுகளாக இருப்பவர். நான் யோசிக்காமல் அவரை எழுப்பிக் கேட்டேன், கேட்ட தொனியும் நல்ல தொனி அல்ல. அவர் இறங்கிப் போய்த் தொட்டியின் மூடியைப் பார்த்துவிட்டு வந்து, “முதலாளி, பின்னால் இன்னொரு வண்டி வந்ததால் என் வண்டியை எடுத்துச் சரிவில் நிறுத்தினேன். வண்டி சாய்ந்து நின்றால் டீசலும் சாய்ந்துதானே நிற்கும்?” என்றார். காலையில் வண்டி சமதளத்துக்கு வந்ததும் திரையில் 36 லிட்டர் தானாகவே திரும்பி வந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். அதன் பிறகு பல வாரங்கள் அவர் இரவில் கைப்பேசியை அணைத்துவிட்டுத்தான் உறங்கினார்.

இதற்கான விளக்கம் எளியது. நீளமான தொட்டியின் ஓரிடத்தில் மட்டும் ஒரு மிதவை இருக்கிறது. வண்டியின் சொந்தக் கணினி அந்த மிதவையின் உயரத்தைச் சதவீதமாக மாற்றி, 0.4 சதவீதப் படிகளில் வெளியே சொல்கிறது. 400 லிட்டர் தொட்டியில் ஒரு படி என்பது 1.6 லிட்டர். படி நுணுக்கமானதுதான், ஆனால் டீசல் குலுங்கினாலும் சாய்ந்தாலும் மிதவை பொய் சொல்லும். எஞ்சின் தான் எரித்த டீசலுக்குத் தனியாக ஒரு மொத்தக் கணக்கு வைத்திருக்கிறது, அதுவும் அதே இணைப்பில் கிடைக்கிறது. வண்டி ஓடி முடித்து நின்ற பிறகு, தொட்டியில் குறைந்ததையும் எஞ்சின் எரித்ததையும் ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நடுவே பெரிய வேறுபாடு இருந்தால் மட்டும் எச்சரிக்கை தரும் வசதி இந்தச் சேவையிலேயே இருக்கிறது. அது தொடக்கத்தில் அணைத்து வைக்கப்பட்டிருந்தது என்பதுதான் என் வருத்தம். பயிற்சிக்கு வந்தவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை, உதவி மையத்தை நான்காவது முறை அழைத்தபோதுதான் தெரிந்தது.

அந்த ஒப்பீட்டை இயக்கிய பிறகு இதே டீசல் கணக்கு ஓட்டுநர்கள் பக்கம் பேசத் தொடங்கியது. ஒரு குறிப்பிட்ட எரிபொருள் நிலையத்தில் நிரப்பும்போதெல்லாம் ரசீதில் இருக்கும் அளவுக்கும் தொட்டியில் ஏறிய அளவுக்கும் இடையே 15 முதல் 20 லிட்டர் வரை வேறுபாடு தெரிந்தது. வெவ்வேறு ஓட்டுநர்கள், வெவ்வேறு வண்டிகள், வேறுபாடு மட்டும் ஏறக்குறைய ஒன்றே. அதற்கு முன் அப்படி ஒரு குறை தெரிந்திருந்தால் எங்கள் சந்தேகம் யார் மேல் போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இப்போது அந்த நிலையத்துக்கு எங்கள் வண்டிகள் போவதில்லை.

பழுதுக் குறியீடுகளைப் படித்துச் சொல்வது இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி. இதற்கு மட்டுமே பணம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். ஜே1939 மொழியில் ஒவ்வொரு பழுதும் இரண்டு எண்களாக வருகிறது: எந்தப் பொருள் என்பதற்கு ஓர் எண், அதற்கு என்ன ஆயிற்று என்பதற்கு ஓர் எண். 110 என்றால் குளிர்நீரின் வெப்பநிலை, 100 என்றால் எஞ்சின் ஆயில் அழுத்தம். இரண்டாவது எண் 16 என்று இருந்தால் அளவு இயல்பை மீறி ஓரளவு கவலைக்குரியதாக உயர்ந்திருக்கிறது, 0 என்றால் மிகக் கடுமையாக உயர்ந்திருக்கிறது. ஒரு டிரெய்லர் வண்டி முழுச் சுமையுடன் ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தபோது 110, 16 என்று வந்தது. ஓட்டுநரின் முகப்புப் பலகையிலும் விளக்கு எரிந்திருக்கும், ஆனால் ஏற்றத்தில் எல்லா வண்டியும் சூடாகத்தான் செய்யும் என்று அவர் விட்டிருக்கக்கூடும். எங்கள் மெக்கானிக் அலுவலகத்திலிருந்தே அந்த வண்டியின் முந்தைய 10 நாள் வெப்பநிலை வரைபடத்தைப் பார்த்து, அது நாளுக்கு நாள் சிறிது சிறிதாக ஏறி வந்ததைக் கண்டு, வண்டியை நிறுத்தச் சொன்னார். குளிர்நீர்க் குழாயில் வெளியே எளிதில் தெரியாத கசிவு இருந்தது. குழாய் மாற்றும் வேலை எஞ்சின் ஹெட் வேலையாக மாறாமல் தப்பியது. 20 மாதத்தில் இதுபோல 5 முறை நடந்திருக்கிறது.

ஓட்டுநர் மதிப்பெண் என்ற பகுதியைப் பற்றி அவ்வளவு நல்ல சொல் என்னிடம் இல்லை. திடீர் பிரேக், திடீர் வேகமேற்றம், கூர்மையான திருப்பம், சும்மா ஓடும் எஞ்சின், வேக மீறல் ஆகியவற்றைச் சேர்த்து ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மென்பொருள் ஓர் எண் போடுகிறது. அந்த எண்ணை அச்சிட்டு அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள் என்பது விற்பனையாளரின் அறிவுரை. ஒரு மாதம் ஒட்டினோம். பட்டியலின் கடைசியில் இருந்த மூவருமே டேங்கர் ஓட்டுநர்கள். டேங்கரில் சரக்கை இறக்க எஞ்சினின் விசையைக் கொண்டே பம்பை ஓட்ட வேண்டும், அப்போது வண்டி நின்றபடி எஞ்சின் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஓடும். பெட்டிக்கு அது சோம்பேறித்தனமாக டீசல் எரிப்பதாகத் தெரிந்தது. பம்பு இயங்குவதைச் சொல்லும் சைகையைப் பெட்டியோடு இணைத்து அந்த நேரத்தைக் கழிக்கச் சொன்ன பிறகு மூவரும் பட்டியலின் நடுப்பகுதிக்கு ஏறிவிட்டார்கள். அவர்கள் ஓட்டிய விதத்தில் எந்த மாற்றமும் இல்லை.

பிரேக் கணக்கிலும் இதே கோளாறுதான். முதல் சில வண்டிகளில் பெட்டியை ஓட்டுநர் அறைக்குள் பொருத்தியிருந்தார்கள். கனரக லாரியின் ஓட்டுநர் அறை தனக்கென்று ஸ்பிரிங் அமைப்பு கொண்டது, பள்ளத்தில் இறங்கினால் வண்டியின் அடிச்சட்டத்தைவிட அதிகமாக முன்னும் பின்னும் ஆடும். பெட்டிக்குள் வேக மாற்றத்தை அளக்கும் முடுக்க உணரி, அந்த ஆட்டத்தையும் பிரேக் என்று எண்ணிக்கொண்டது. முடுக்க உணரியை விட்டுவிட்டு சக்கர வேகத்திலிருந்து கணக்கிடும்படி மாற்றியதும் எச்சரிக்கைகள் பெருமளவு குறைந்தன. இன்னொன்றும் உண்டு. காலி வண்டிக்கும் 40 டன் எடையோடு போகும் வண்டிக்கும் ஒரே பிரேக் வரம்பு வைப்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. முழுச் சுமையில் ஓட்டுபவர் எப்படியும் மெதுவாகத்தான் பிரேக் போடுவார், காலியாகத் திரும்பி வருபவர் மதிப்பெண்ணை இழப்பார். ஆகவே இந்த எண் பல நேரங்களில் ஓட்டுநரின் திறமையைச் சொல்வதைவிட, அவருக்கு அந்த மாதம் எந்தப் பாதையும் எந்தச் சுமையும் வாய்த்தன என்பதையே சொல்கிறது.

கேமராவை விரிவாக எழுத வேண்டியதில்லை. கண் மூடுவதையும் கைப்பேசி பிடிப்பதையும் ஓரளவு சரியாகக் கண்டுபிடிக்கிறது, கறுப்புக் கண்ணாடி அணிந்தால் தடுமாறுகிறது. வண்டி நின்று எஞ்சின் அணைந்த பிறகும் அது இயங்குவது ஓட்டுநர்களுக்குப் பிடிக்கவில்லை, அந்த அறைதான் அவர்களுடைய படுக்கையறையும் என்பதால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நின்ற வண்டியில் கேமராவை அணைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தோம், செய்து தந்தார்கள்.

அச்சுச் சுமை உணரி பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பொதுச் சாலையில் கனரக வாகனத்தைக் கண்காணிப்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே 1958 முதல் 1960 வரை சோதனைச் சாலைகளில் லாரிகளைத் தொடர்ந்து ஓட்டிப் பார்த்தார்கள். அந்தச் சோதனையிலிருந்து, சாலைக்கு ஏற்படும் தேய்மானம் அச்சுச் சுமையின் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் உயர்கிறது என்ற தோராய விதி பிறந்தது. அதன்படி 10 டன் தாங்க வேண்டிய அச்சில் 12 டன் ஏற்றினால், சுமை ஐந்தில் ஒரு பங்குதான் கூடும், சாலையின் தேய்மானமோ இரு மடங்கைத் தாண்டிவிடும். மொத்த எடை வரம்புக்குள் இருந்தும், சரக்கு ஒரு பக்கமாக ஒதுங்கியதால் ஓர் அச்சு மட்டும் வரம்பை மீறுவது எங்கள் தொழிலில் அன்றாடம் நடப்பது.

காற்றுப்பை ஸ்பிரிங் உள்ள வண்டிகளில் பைக்குள் இருக்கும் அழுத்தத்தை அளந்து எடையைக் கணக்கிடுகிறார்கள். எடை மேடையில் நிறுத்தி ஒத்துப் பார்த்தபோது, சமதளத்தில் பிரேக்கைத் தளர்த்தி நிறுத்திய வண்டிக்கு வேறுபாடு 2 சதவீதத்துக்குள் இருந்தது. பிரேக் பிடித்தபடி நின்றால் ஸ்பிரிங் முழுதாக இறங்காமல் வேறு எண் காட்டுகிறது. ஓட்டுநர்கள் இதைக் கற்றுக்கொண்டு, சரக்கு ஏற்றியதும் வண்டியைச் சில அடி நகர்த்தி நிறுத்திவிட்டுத்தான் எண்ணைப் படிக்கிறார்கள். சரக்கை அங்கேயே மாற்றி அடுக்க முடிவதால், வழியில் நிறுத்தப்பட்டு இறக்கும் தொல்லை இப்போது இல்லை. பட்டை ஸ்பிரிங் வண்டிகளுக்கு இந்த முறை பொருந்தாது, அவற்றுக்கு வளைவை அளக்கும் வேறு உணரி வேண்டும். அதை நாங்கள் வாங்கவில்லை.

இதே வகைக் கருவிகளை அரசுகள் பயன்படுத்தும் விதத்தோடு ஒப்பிட்டால் எங்கள் சேவையின் குறை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. சுவிட்சர்லாந்து 2001 முதல் கனரக வாகனங்களுக்குத் தூரம், எடை, புகை வகை மூன்றையும் வைத்துக் கட்டணம் வாங்குகிறது. ஜெர்மனி 2005 ஜனவரியில் செயற்கைக்கோள் வழி இடமறிந்து லாரிகளுக்குச் சுங்கம் வசூலிக்கத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவில் அதிக எடை ஏற்ற அனுமதி பெற்ற லாரிகள், அனுமதித்த பாதையில்தான் போகின்றன என்பதைச் சான்று பெற்ற டெலிமேட்டிக்ஸ் மூலம் காட்ட வேண்டிய திட்டம் இருக்கிறது. அங்கே சேவை நிறுவனம் வண்டியின் பயணத்தை அனுமதி நிபந்தனைகளோடு ஒப்பிட்டு, பொருந்தாத நிகழ்வைச் சாலையை நிர்வகிக்கும் அரசு அமைப்புக்குத் தெரிவிக்கிறது. ஐரோப்பாவில் 2019-இல் வந்த டாக்கோகிராஃப் (ஓட்டும் நேரத்தையும் ஓய்வையும் பதியும் கருவி) வேலை நாளின் தொடக்கத்திலும் முடிவிலும், நடுவே மொத்தம் மூன்று மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறையும் இடத்தைப் பதிகிறது. ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும் என்பது போன்ற விதிகளைச் சோதிக்க உதவும் கருவி அது. எங்கள் பெட்டியோ 30 வினாடிக்கு ஒரு முறை பதிகிறது. எதற்காக என்று யாரும் கேட்டதில்லை.

அமெரிக்காவில் 2017 டிசம்பரில் கட்டாயமாக்கப்பட்ட மின்னணு நேரப் பதிவுக் கருவியின் விதிகள் எனக்குப் பிடித்திருக்கின்றன. பதிவை நிர்வாகம் திருத்த விரும்பினால் காரணம் எழுத வேண்டும், ஓட்டுநர் அதை ஒப்புக்கொண்டு உறுதி செய்ய வேண்டும், முதலில் பதிந்தது அழியாமல் இருக்க வேண்டும். ஓட்டுநர் தன் சொந்த வேலைக்காக வண்டியை எடுக்கும் நேரத்தில் இடத்தை ஏறத்தாழ 10 மைல் ஆரத்துக்கு மங்கலாக்கித்தான் கருவி பதியும். எங்கள் திரையில் ஓட்டுநர் தன் விளக்கத்தை எழுத ஓரிடம்கூடக் கிடையாது. சரிவில் நின்றேன், பம்பு ஓடியது, மேம்பாலத்தில் போனேன் என்பவற்றை எல்லாம் நாங்கள் தனியாக ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறோம். இத்தனை உணரிகள் வைத்த சேவைக்கு ஒரு குறிப்புப் பெட்டி சேர்ப்பது பெரிய வேலையாக இருக்க முடியாது.

தான் கண்காணிக்கப்படுவது பிடிக்காதவர் என்ன செய்யக்கூடும் என்பதற்கும் பதிவான உதாரணம் உண்டு. அமெரிக்காவில் நிறுவனத்தின் பிக்கப் வண்டியை ஓட்டிய ஊழியர் ஒருவர் தன் நிறுவனத்திடமிருந்து இருப்பிடத்தை மறைக்க ஜிபிஎஸ் தடுப்புக் கருவி வைத்திருந்தார். அது நியூவார்க் விமான நிலையத்தின் வழிகாட்டு அமைப்பையே பாதிக்க, 2013-இல் அவர் மீது ஏறத்தாழ 32,000 டாலர் அபராதம் அறிவிக்கப்பட்டது. அவர் செய்தது தவறுதான். ஆனால் அப்படி ஒருவரை மறைக்கத் தூண்டும் அளவுக்கு எதைப் பார்க்கிறோம், யாருக்குக் காட்டுகிறோம் என்பதைப் பெட்டி வாங்குமுன் ஓட்டுநர்களோடு உட்கார்ந்து பேசி எழுதி வைப்பது நல்லது. நாங்கள் அதை ஆறாவது மாதத்தில்தான் செய்தோம்.

பேசிய பிறகு ஓட்டுநர்களே பெட்டியைச் சாட்சிக்கு அழைக்கத் தொடங்கினார்கள். வண்டி தாமதமாக வந்தது என்று சரக்கு பெறும் நிறுவனம் ஒன்று எங்கள் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டது. வண்டி அதிகாலையிலேயே அவர்கள் வாசலுக்கு வந்துவிட்டதையும், 7 மணி நேரம் அங்கேயே காத்திருந்ததையும் பதிவை எடுத்து அனுப்பினோம். பணம் வந்ததோடு காத்திருப்புக் கட்டணமும் வந்தது. பதிவை எடுக்கச் சொன்னவர், நான் முன்பு இரவில் எழுப்பிய அதே ஓட்டுநர்தான்.

ஒப்பந்தம் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, சேவையை விட்டு விலகினால் பழைய பதிவுகள் எத்தனை மாதம் உங்களுக்குக் கிடைக்கும், எந்த வடிவத்தில் கிடைக்கும் என்பதைக் கையெழுத்திடும் முன் எழுத்தில் வாங்குங்கள். எங்களுக்கு 12 மாதப் பதிவுதான் என்பது பதின்மூன்றாவது மாதத்தில் தெரிந்தது. இரண்டாவது, தொழிற்சாலையில் வைத்த வரம்புகளோடு பெட்டியை ஓட விடாதீர்கள். முதல் இரண்டு மாதம் எச்சரிக்கைகளை வெறுமனே சேகரித்து, மெக்கானிக்கும் ஓட்டுநர்களும் நீங்களும் சேர்ந்து பார்த்து வரம்புகளை மாற்றிய பிறகே எவரிடமும் விளக்கம் கேளுங்கள்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், பழுதுக் குறியீட்டுக்கும் அச்சுச் சுமைக்கும் ஐந்து, டீசலுக்கு ஒப்பீட்டை இயக்கிய பின் நான்கு, இருப்பிடத்துக்கு மூன்றரை, ஓட்டுநர் மதிப்பெண்ணுக்கு ஒன்று. இரண்டாம் ஒப்பந்தத்துக்குக் கடந்த மாதம் கையெழுத்திட்டோம். மதிப்பெண் பகுதியை நீக்கச் சொன்னோம். கட்டணம் அதனால் குறையாது என்றார்கள், அப்படியே இருக்கட்டும் என்று நீக்கிவிட்டோம்.